மாநிறத் தோலும் லேசர் ஒளியும்

தோல் மருத்துவத்தில் லேசர் என்னும் சொல் இன்று ஒரே கருவியைக் குறிப்பதன்று. அலைநீளத்தாலும், ஒளித்துடிப்பின் கால அளவாலும், தோலுக்குள் சென்று சேரும் ஆழத்தாலும் வேறுபட்ட பல கருவிகளுக்கு அது பொதுப்பெயராக வழங்குகிறது. வேண்டாத முடியை அகற்றுவது, பச்சை குத்திய தடத்தை அழிப்பது, பருத் தழும்பைச் சமன்செய்வது, வெண்புள்ளியில் நிறத்தை மீட்பது ஆகிய யாவும் அந்தப் பெயரின் கீழேயே நடைபெறுகின்றன என்றாலும், ஒரு வேலைக்கு உகந்த கருவி இன்னொரு வேலைக்குப் பயனற்றதாகவோ தீங்கானதாகவோ அமைந்துவிடக்கூடும். பெருநகரம் முதல் சிற்றூர்க் கடைத்தெரு வரை அழகு நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் ‘லேசர்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் பெரிதாக எழுதப்பட்டு, எந்த லேசர், எந்தக் குறைக்கு என்ற விவரம் விடுபட்டுப் போவதால் இந்த வேறுபாடு பொதுமக்கள் கண்ணில் படுவதே இல்லை. அதனால் நேரும் இழப்பு மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்குமே மிகுதி என்பதற்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது.

விளக்கொளியில் பல நிறங்கள் கலந்திருக்க, லேசர் ஒளி ஒரே அலைநீளம் உடையதாய், அதன் அலைகள் யாவும் ஒத்த கட்டத்தில் இயங்குவதாய், விரிந்து சிதறாமல் ஒரே திசையில் செல்வதாய் இருக்கிறது; தமிழில் இதற்குச் ‘சீரொளி’ என்று கலைச்சொல் வகுத்தவர்கள் இந்த ஒழுங்கையே மனத்தில் கொண்டிருக்க வேண்டும். இதற்கு அடிப்படையான தூண்டு உமிழ்வுக் கோட்பாட்டை ஐன்ஸ்டைன் 1917இல் முன்வைத்தார். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியைப் பெற்றபோது அது கருவியாயிற்று. சின்சினாட்டி நகரின் தோல் மருத்துவரான லியோன் கோல்ட்மேன் அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த ஒளியை மனிதத் தோலில் பாய்ச்சி ஆராயத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய குமார் பட்டேல் 1964இல் உருவாக்கிய கரியமில வாயு லேசர், இன்றும் மருவையும் பாலுண்ணியையும் அகற்றும் கத்தியாகத் தோல் மருத்துவர்களின் கையில் இருக்கிறது.

ஆயினும் முதல் இருபது ஆண்டுகளில் லேசர் என்பது பெரும்பாலும் நுட்பமாகச் சுடும் ஒரு கருவியாகவே இருந்தது. பிறவியிலேயே முகத்தில் காணப்படும் செந்நிற இரத்தக்குழாய்ப் படலத்தை அழிக்க 1970களில் பயன்பட்ட ஆர்கான் லேசர், படலத்தோடு சுற்றியிருந்த நல்ல தோலையும் வேகவைத்துப் பலருக்குத் தழும்பை விட்டுச் சென்றது. இந்தத் தடையைக் கடக்க வழி காட்டியவர்கள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் ஆவர். 1983இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தேர்ந்தெடுத்த இலக்கை மட்டும் ஒளியின் வெப்பத்தால் சிதைக்கும் முறையை வகுத்துக் கூறியது. இன்றைய தோல் லேசர் மருத்துவம் பெரும்பாலும் அக்கட்டுரையின் மீதே நிற்கிறது.

அம்முறையை விளக்க, லேசர் ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றவருமான ஆர்தர் ஷாலோ பொதுக்கூட்டங்களில் செய்துகாட்டிய ஒரு வேடிக்கையைவிடப் பொருத்தமான சான்று இல்லை. நிறமற்ற பெரிய பலூனுக்குள் நீல நிறச் சிறிய பலூன் ஒன்றை வைத்து ஊதி, சிவப்பு லேசரை அதன்மேல் பாய்ச்சுவார். வெளிப் பலூன் ஒளியைத் தடையின்றி உள்ளே விட்டுவிட, நீலப் பலூன் மட்டும் அதை உறிஞ்சிச் சூடாகி வெடிக்கும், வெளிப் பலூனுக்குக் கீறல்கூட விழாது. தோலில் நிறமற்ற பலூனின் இடத்தில் மேல்தோலும், நீலப் பலூனின் இடத்தில் முடிவேரோ, இரத்தக்குழாயோ, மைத்துகளோ இருப்பதாகக் கொள்ளலாம். ஒளியை உறிஞ்சும் பொருள்கள் தோலில் முதன்மையாக மூன்று: நிறமியான மெலனின், இரத்தத்தின் ஹீமோகுளோபின், திசுக்களில் நிறைந்துள்ள நீர். ஒவ்வொன்றும் தனக்கென்று சில அலைநீளங்களை விரும்பி ஏற்பதால், இலக்குக்கு ஏற்ற அலைநீளத்தைத் தெரிவு செய்வதே சிகிச்சையின் முதற்படி.

இரண்டாம் படி நேரம் பற்றியது. டவராவில் ஊற்றிய காபி சட்டென்று ஆறிவிட, குண்டானில் உள்ள காபி நெடுநேரம் சூடாக இருப்பதைப் போல, தோலுக்குள் இருக்கும் சிறிய பொருள் விரைவிலும் பெரிய பொருள் மெதுவாகவும் வெப்பத்தை இழக்கின்றன. இவ்வாறு ஏற்ற வெப்பத்தில் பாதியை இழக்க ஆகும் காலம் ‘வெப்பத் தணிவு நேரம்’ எனப்படும். துடிப்பு இந்த நேரத்தைவிட நீண்டுவிட்டால் வெப்பம் இலக்கை விட்டுக் கசிந்து அண்டைத் திசுவைச் சுடும். நிறமித் துகள் மிகச் சிறியதாகையால் விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோ விநாடிக் கணக்கில் துடிப்பு அமைய வேண்டும். முடிவேர் அதனினும் பல மடங்கு பெரியதாகையால் மில்லி விநாடிக் கணக்கில் அமையலாம். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் நானோ விநாடித் துடிப்பில் பச்சை மையை நொறுக்குவதும், மில்லி விநாடித் துடிப்பில் முடிவேரைச் சுடுவதும் இதனாலேயே. கருவியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாம் படியைத்தான்.

வெளிப் பலூனுக்கும் நிறம் இருந்தால்?

ஷாலோவின் வேடிக்கை வெளிப் பலூன் நிறமற்றதாக இருக்கும்வரை மட்டுமே பலிக்கும். ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் தோலை, வெயிலில் எளிதில் சிவப்பது, எளிதில் கருப்பது என்ற அடிப்படையில் வகைப்படுத்தத் தொடங்கியபோது வெண்ணிறத் தோலே அவர் கருத்தில் முதன்மையாக இருந்தது. மாநிறமும் கருநிறமும் ஐந்தாம், ஆறாம் வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன. தமிழர்களுள் பெரும்பான்மையோர் நான்கு முதல் ஆறு வரையுள்ள வகைகளில் அடங்குவர். இவர்களது மேல்தோலில் மெலனின் நிறைந்திருப்பதால், ஆழத்தில் உள்ள இலக்கைத் தேடிச் செல்லும் ஒளியை முதலில் எதிர்கொண்டு உறிஞ்சுவது மேல்தோலே. அங்கு வெப்பம் தங்கினால் கொப்புளம் எழும், அது ஆறிய இடத்தில் கருமையோ வெண்மையோ எஞ்சும். மெலனின் உறிஞ்சும் அளவு அலைநீளம் கூடக்கூடக் குறைவதால், 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் லேசர் வெள்ளைத் தோலில் எளிதாகச் செய்யும் வேலையை, கருநிறத் தோலில் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசருக்கு விடுவதே பாதுகாப்பு. ஏறத்தாழ 810 நானோமீட்டர் டையோடு லேசர் இடைப்பட்ட வழி. ‘ஐபிஎல்’ எனப்படும் ஒளித்துடிப்புக் கருவி பல அலைநீளங்களைக் கலந்து வீசுவதால் அது லேசரே அன்று. அதை லேசர் என்ற பெயரில் கருநிறத் தோலில் பயன்படுத்துவது இரட்டைப் பிழை.

முடி அகற்றும் சிகிச்சையை அருகிலிருந்து பார்த்தால் இக்கோட்பாடு முழுவதும் கண்முன் தெரியும். சிகிச்சைக்கு முன் முடி மழிக்கப்படுகிறது. வேக்சிங்கோ த்ரெட்டிங்கோ செய்தால் இலக்கான வேரே பிடுங்கப்பட்டுவிடுமாதலால் சில வாரங்களுக்கு அவை தவிர்க்கப்படுகின்றன. குளிரூட்டிய கண்ணாடி முனை தோலோடு அழுத்தப்பட்டு, மேல்தோலின் வெப்பம் முன்கூட்டியே தணிக்கப்பட்ட பின் ஒளி பாய்கிறது. ரப்பர் பேண்டை இழுத்துவிட்டாற்போன்ற சுருக்கும், முடி பொசுங்கும் மெல்லிய வாடையும் எழுகின்றன. சில நிமிடங்களில் ஒவ்வொரு முடித்துளையைச் சுற்றியும் கடுகளவு வீக்கம் தோன்றுவதே ஒளி வேரைத் தொட்டதற்கு அடையாளம். அடுத்த ஓரிரு வாரங்களில் வெந்த முடிகள் தாமே உதிர்கின்றன. வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடியே ஒளிக்கு நன்கு கட்டுப்படும் என்பதாலும், எல்லா முடிகளும் ஒரே வேளையில் அக்கட்டத்தில் இருப்பதில்லை என்பதாலும், நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பொதுவாகத் தேவைப்படுகின்றன. நரைமுடியில் மெலனின் இல்லாததால் அதை எந்த லேசரும் அசைப்பதில்லை.

‘நிரந்தர நீக்கம்’ என்று விளம்பரங்கள் கூறுவது நிலையான குறைப்பு என்ற அளவிலேயே உண்மை. தாடையிலும் மேலுதட்டிலும் முரட்டு முடி வளரும் இளம்பெண்கள் பலருக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோயும் அதைச் சார்ந்த ஹார்மோன் மாற்றமும் காரணமாக இருப்பதால், அதைக் கவனியாமல் முடியை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் புதிய முடிகள் முளைத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வினோதமும் உண்டு: போதிய அளவு வெப்பம் சேராத இடங்களில், குறிப்பாகக் கன்னத்தின் ஓரத்திலும் கழுத்திலும், மென்முடி அழிவதற்கு மாறாகத் தூண்டப்பட்டு முரட்டு முடியாக வளர்ந்துவிடுவதுண்டு, தெற்காசியப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பூனைமுடி மட்டுமே உள்ள கன்னத்துக்கு லேசர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் மருத்துவரே தொழில் அறிந்தவர்.

ஊற்றுக்கண் அடையாத கிணறு

லேசரை நாடி வருவோர் மிகுந்த ஏமாற்றம் அடையும் குறை மங்கு. கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கின்மேலும் பழுப்பாகப் படரும் இந்த நிறமாற்றத்துக்கு, ஒளி குன்றுவதைக் குறிக்கும் சொல்லையே தமிழ்ப் பேச்சு வழக்கு பெயராக்கியிருக்கிறது. வெயில், கருவுறுதல், கருத்தடை மாத்திரை, குடும்ப வழி ஆகியவை இதைத் தூண்டுகின்றன. பெண்களிடம் மிகுதி, ஆண்களிடமும் உண்டு. மங்கின் உண்மையான சிக்கல், தேங்கிக் கிடக்கும் நிறமியில் இல்லாமல், ஓயாது நிறமியைச் சுரக்கும் செல்களின் மிகை இயக்கத்தில் இருக்கிறது. லேசர் தேங்கிய நிறமியைச் சிதைக்கும், சுரப்பை நிறுத்தாது; போதாக்குறைக்கு அதன் வெப்பமே அச்செல்களைச் சீண்டிவிடும். ஊற்றுக்கண்ணை அடைக்காமல் கிணற்றை இறைப்பதற்கு இது ஒப்பாகும்.

‘லேசர் டோனிங்’ என்ற பெயரில் குறைந்த ஆற்றலுள்ள நானோ விநாடித் துடிப்பு என்டி-யாக் லேசரை வாரந்தோறும் முகம் முழுவதும் செலுத்தும் முறை ஆசிய நாடுகளில் பரவியிருக்கிறது. சில அமர்வுகளில் முகம் தெளிவதால் நோயாளி மகிழ்வதும், நிறுத்திய சில மாதங்களில் மங்கு திரும்புவதும், மீண்டும் அமர்வுகள் கூடுவதுமாக இது ஒரு சுழலாகிறது. அமர்வுகள் மிகும்போது பழுப்புப் படலத்தின் நடுவே அரிசி அளவிலான வெண்புள்ளிகள் தெளித்தாற்போல் தோன்றுவதுண்டு. இவை மங்கைவிடக் கண்ணை உறுத்துபவை, ஆறுவதற்கு நெடுங்காலம் எடுப்பவை, சிலருக்கு ஆறாமலே நிற்பவை. மருத்துவ நூல்கள் மங்குக்கு லேசரை முதல் மருந்தாகக் கொள்ளாததும் இதனாலேயே. அன்றாடம் பூச வேண்டிய சன்ஸ்கிரீன், மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலத்துக்குப் பயன்படும் ஹைட்ரோகுவினோன் கலவைக் களிம்பு, தகுதியுடையோருக்கு டிரானெக்சாமிக் அமிலம் ஆகியவற்றுக்குப் பின்னரே லேசர் பற்றிய பேச்சு எழ வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், அதைத் தடுக்கவல்ல இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் தோய்ந்த சன்ஸ்கிரீன் மாநிறத்தாருக்கு மேலானது.

இதனோடு சேர்ந்து நிற்பது ஸ்டீராய்டு களிம்புகளின் தீங்கு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, முகம் வெளுக்கும் என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் பூசப்படும் இக்களிம்புகள் தோலை மெலியச் செய்து, இரத்தக்குழாய்களை வெளித்தெரிய வைத்து, நிறுத்தியதும் எரிச்சலும் பருவும் கிளம்பச் செய்கின்றன. 2018இல் இந்திய அரசு இவ்வகைக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்த பின்னும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. இவ்வாறு நலிந்த முகத்தின்மீது லேசரைப் பாய்ச்சுவது எரிகிற புண்ணில் மிளகாய் தேய்ப்பதாகும். முதலில் அந்தத் தோல் பல மாதங்கள் தேற வேண்டும்.

மங்குக்கு நேர்மாறான சான்று ஓட்டா மச்சம். நெற்றிப்பொட்டிலும் கண்ணைச் சுற்றியும், சிலருக்குக் கண்ணின் வெள்விழியிலுமாக, முகத்தின் ஒரு பக்கத்தில் நீலச்சாம்பல் நிறத்தில் படரும் இதை 1939இல் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஓட்டா, கினோஷிட்டா மொகுட்டாரோ என்ற புனைபெயரில் கவிதையும் நாடகமும் எழுதியவர். ஆசியரிடம் கூடுதலாகக் காணப்படும் இம்மச்சத்தில் நிறமிச் செல்கள் அடித்தோலில் தங்கி நிற்கின்றன. நானோ விநாடித் துடிப்பு லேசர் அவற்றையே அழித்துவிடுவதால், பல அமர்வுகளுக்குப் பின் படலம் பெரும்பாலும் மறைகிறது, மீண்டும் வருவதும் அரிது. முன்னர் தோலை உராய்ந்தும் உறையவைத்தும் பார்த்துத் தோற்ற நோய் இது. மங்கும் ஓட்டா மச்சமும் பாமரக் கண்ணுக்கு ‘முகத்தில் கருமை’ என்ற ஒரே குறையாகத் தோன்றும். ஒரே கருவி முன்னதில் தோற்று, பின்னதில் வெல்லும்.

பச்சையின் நிறம்

ஓட்டா மச்சம் நீலமாகத் தெரிவதற்கும், பாட்டிமார் முன்கையில் குத்தியிருந்த கோலம் பச்சையாகத் தெரிவதற்கும் காரணம் ஒன்றே. அங்கே மெலனினும் இங்கே பெரும்பாலும் கரியும் கருநிறப் பொருள்களே ஆயினும், அடித்தோலின் ஆழத்திலிருந்து திரும்பும் ஒளி சிதறலுக்கு உட்படுவதால் கண்ணுக்கு நீலமாகவும் பச்சையாகவும் தோன்றுகிறது. பச்சை குத்துதல் என்ற தமிழ்ப் பெயர் இந்த ஒளிச்சிதறலை அறியாமலே பதிவு செய்திருக்கிறது. கரிமை எல்லா அலைநீளங்களையும் உறிஞ்சுவதால் அதுவே லேசருக்கு எளிதில் வசப்படுவது. புதிய பாணிப் பல வண்ணப் பச்சைகளில் சிவப்புக்கு 532, பச்சைக்கும் நீலத்துக்கும் 694 அல்லது 755 நானோமீட்டர் எனத் தனித்தனி ஒளி தேவைப்படுகிறது. வெள்ளை, தோல்நிற மைகளில் உள்ள டைட்டானியம், இரும்பு ஆக்சைடுகள் லேசர் பட்டதும் வேதிமாற்றம் அடைந்து கறுத்துவிடுவதுமுண்டு.

ஒளி விழுந்த கணமே மையின்மேல் உப்புப் பூத்தாற்போல் வெண்மை படர்கிறது. திசுவுக்குள் எழும் நுண்ணிய வாயுக் குமிழ்களால் தோன்றும் அது கால் மணி, இருபது நிமிடங்களில் அடங்கிவிடும். மை அப்போதே மறைந்துவிடுவதில்லை: நொறுங்கிய துகள்களை உடலின் விழுங்கு செல்களே சிறிது சிறிதாக அப்புறப்படுத்த வேண்டியிருப்பதால் ஒவ்வோர் அமர்வுக்கும் ஆறு முதல் எட்டு வார இடைவெளி விடப்படுகிறது. 2012இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற, நானோ விநாடியினும் ஆயிரம் மடங்கு நுண்ணிய அலகில் அளக்கப்படும் பிக்கோ விநாடி லேசர் அமர்வுகளைக் குறைக்கக்கூடும், செலவைக் குறைப்பதில்லை. படைப்பிரிவுகளின் ஆள்சேர்ப்பு விதிகள் பச்சையின் இடத்தையும் அளவையும் கட்டுப்படுத்துவதால், தேர்வுக்கு ஓரிரு மாதம் இருக்கும்போது அழித்துத் தரக் கேட்டு இளைஞர்கள் வருவது வழக்கம். அந்தக் கால அளவில் அது முடியாத காரியம்.

பருத் தழும்புக்கு நிறமி இலக்கன்று, நீரே இலக்கு. 10,600 நானோமீட்டர் கரியமில வாயு லேசரும் 2940 நானோமீட்டர் எர்பியம்-யாக் லேசரும் திசுவில் உள்ள நீரை ஆவியாக்கித் தோலைச் செதுக்குகின்றன. முகம் முழுவதையும் உரித்தெடுத்த பழைய முறை மாநிறத் தோலுக்கு ஏற்றதாக இல்லை. 2004இல் ஆண்டர்சன் குழுவினர் வெளியிட்ட ‘ஃப்ராக்ஷனல்’ முறை, இடியாப்ப அச்சின் துளைகளைப் போல நுண்ணிய தூண்களாக மட்டும் தோலைச் சுட்டு, இடையிலுள்ள தோலைத் தொடாமல் விடுவதால், அந்த நல்ல தோலிலிருந்து புண் விரைந்து ஆறுகிறது. இருப்பினும் ஊசிக்குத்துப் போன்ற ஆழ்குழிகளுக்கு டிசிஏ அமிலமும், அடியில் நாரால் இழுக்கப்பட்ட அலைத் தழும்புகளுக்கு அந்நாரை ஊசியால் அறுத்துவிடுவதும் லேசரைவிடச் சிறந்தவை. பரு அடங்காத முகத்தில் தழும்புக்குச் சிகிச்சை தொடங்குவது வீண். மாநிறத் தோலில் தூண்களை நெருக்கமாக இட்டால் சில வாரங்களோ மாதங்களோ கருமை தங்கும்.

செந்நிறப் பிறவிப் படலம் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு மூவரிடம் காணப்படுவது. ஹீமோகுளோபினை இலக்காகக் கொண்ட 595 நானோமீட்டர் துடிப்புச் சாய லேசர் அதற்குரியது, பச்சிளம் பருவத்திலேயே தொடங்குவது நலம். அது நெற்றியையும் கண்ணிமையையும் தழுவியிருந்தால், லேசருக்கு முன்பாகவே கண்ணழுத்தமும் மூளை நரம்பு நிலையும் சோதிக்கப்பட வேண்டும். வெண்புள்ளிக்கும் காளாஞ்சகப்படைக்கும் பயன்படும் 308 நானோமீட்டர் எக்சைமர் லேசர் எதையும் சுடுவதில்லை. புற ஊதாக் கதிரை நோயுற்ற இடத்துக்கு மட்டும் அளிக்கிறது. வெண்புள்ளியில் முகம் நன்கு நிறம் பெறும், விரல்நுனியும் பாதமும் அவ்வாறு பெறுவதில்லை.

எஞ்சியிருப்பது பாதுகாப்பு. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்றாலும் கண்மணி வழியே விழித்திரையை அடைந்து நொடியில் சுட்டுவிடும்; இதற்கான கண்ணாடி அலைநீளத்துக்கு அலைநீளம் வேறுபடும், சாதாரணக் கறுப்புக் கண்ணாடி பயன்படாது. புருவத்துக்குக் கீழே முடி அகற்றும்போது கருவிழித்திரை காயமுற்ற நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அண்மையில் வடிவமோ நிறமோ மாறிய மச்சத்தையும், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றிய கறுப்பையும், திசுச் சோதனை இன்றி லேசரால் அழிக்கவே கூடாது. கருநிறத்தாரிடம் அரிதாகத் தோன்றும் மெலனோமா புற்றுநோய் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே தொடங்குகிறது.

சிகிச்சை பெற விரும்புவோர், காதுக்குப் பின்போ தாடையடியிலோ சிறு இடத்தில் ஒளியைச் சோதித்துப் பார்த்து, மாநிறத் தோலில் கருமை தாமதமாகவே தலைகாட்டும் என்பதால் சில வாரங்கள் பொறுத்த பின்னரே முகத்துக்கு இசைய வேண்டும். ஒவ்வோர் அமர்விலும் பயன்பட்ட லேசரின் பெயர், அலைநீளம், ஆற்றல் அளவு, துடிப்பு நேரம் ஆகிய நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்; ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அடுத்தவர் அந்த எண்களிலிருந்தே தொடர முடியும். அவற்றை எழுதித் தர மறுக்கும் இடத்தில் சிகிச்சை பெற வேண்டியதில்லை.